பத்து வருடத்துக்குப் பிறகு எல்லே தடி

மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வந்தாறுமூலையில் நான் வேலை செய்யும் பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டம். சேமிப்புக் கணக்கு வாசித்து, கடன் எடுத்தவர்களின் பெயர்களும் வாசித்து, பிளேன்ரீயும் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் குழுவின் பொருளாளர் கேட்டார்.

“மிஸ், நீங்க கம்பஸ் ரீமில எல்லே அடிச்சிருக்கீங்களாம். மெய்யா?”

மெய்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ரீமில் என்னைவிடத் தூரம் அடிக்க ஆள் இல்லை என்றும், நான் அடித்தால் பந்து பொறுக்கப் போகிறவளுக்குச் சைக்கிள் வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சித்திரை வருசத்து விளையாட்டுப் போட்டிக்கு இம்முறை எமது குழுவும் ஒரு பெண்கள் எல்லே அணி கொடுப்பது என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதப்பட்டது. பயிற்றுவிப்பாளர் நான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மைதானத்தில் தடியைக் கையில் தந்தார்கள். முதல் பந்து தடிக்கு மேலால் போனது. இரண்டாவது கீழால் போனது. மூன்றாவதுக்கு இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். பந்து எங்கே போனது என்று தெரியாது, இடுப்பிலே ‘சுளீர்’ என்று ஒன்று பிடித்தது. பதினாறு பெண்கள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எல்லே விளையாடாத சகோதரிகளுக்காக இரண்டு வரி. எல்லே இலங்கைக் கிராமங்களின் விளையாட்டு. கிரிக்கெட் மட்டையும் விக்கெட்டும் இதில் இல்லை. கையில் ஒரு மூங்கில் தடி, அடிக்க ஒரு ரெனிஸ் பந்து. அடிப்பவருக்கு மூன்று தடவை பந்து போடுவார்கள். அடித்தவுடன் தடியைப் போட்டுவிட்டு இடையில் உள்ள தரிப்பிடங்களைக் கடந்து சுற்றை ஓடி முடிக்க வேண்டும். பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தாலும், ஓடும்போது பந்தால் எறிந்து உடம்பில் பட வைத்தாலும் ஆட்டமிழப்பு. ஆகவே எல்லேயில் தூரம்தான் உயிர். பந்து தூரப் போனால் சுற்றை நிதானமாக ஓடி முடிக்கலாம்.

நான் எல்லே பழகியது 2003 இல், பாடசாலையில். அது யுத்தநிறுத்த உடன்படிக்கை இருந்த காலம். சிங்களப் பகுதிப் பாடசாலைகளோடு போட்டிகள் நடந்தன, பஸ் பிடித்து வெளி மாவட்டங்களுக்குப் போய் வந்தோம். 2006 இன் இறுதியிலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது மைதானங்களில் கூடாரங்கள் எழும்பின. நாங்கள் தடிகளை விளையாட்டு அறையில் வைத்துப் பூட்டினோம். மறுபடியும் நான் தடி பிடித்தது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது. 2014 இல் பட்டம் முடிந்தது. அதன்பின் வேலை, கலியாணம், இரண்டு பிள்ளைகள், அதில் இளையவன் சத்திரசிகிச்சை மூலம் பிறந்தவன். பத்து வருடத்துக்கு மேலாக நான் எதையும் ஓங்கி அடித்ததில்லை, நுளம்பைத் தவிர.

அன்று இரவு இடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தபோது ஒரு விடயம் உறைத்தது. சுனாமிக்குப் பிறகு எமது மாவட்டத்தில் எத்தனையோ நிறுவனங்கள் நிவாரணம் கொடுத்தன. பிள்ளைகளுக்குப் பந்து கொடுத்தார்கள். ஆண்களுக்கு வலையும் தோணியும் கொடுத்தார்கள். பெண்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்தார்கள். நானும் பிற்காலத்தில் அந்தப் பட்டியல்களை எழுதியவள்தான். பெண்களின் மனநலத்துக்கு விளையாட்டு அவசியம் என்று பயிற்சிப் பட்டறைகளில் வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்கள் குழுவுக்குப் பந்து வேண்டும் என்று ஒரு திட்ட முன்மொழிவிலும் எழுதியதில்லை.

மறுநாள் கனடாவில் இருக்கும் எனது மச்சானோடு கதைக்கும்போது இடுப்பு நோவைச் சொன்னேன். அவர் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறார். எட்டு வருடமாக மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு புல் வெட்டுவதால் அவருக்கு அந்த விளையாட்டில் ஒரு வாத்தியாரின் கண் வந்துவிட்டது.

“உனக்கு வந்தது ட்றைவர் வருத்தம்” என்றார்.

ட்றைவர் என்றால் வாகனச் சாரதி அல்ல. கோல்ஃபில் தூரத்துக்கு அடிக்கப் பாவிக்கும் மிக நீளமான தடிக்கு அந்தப் பெயர். கோல்ஃப் எமக்கு முற்றாகத் தெரியாத விளையாட்டும் அல்ல. வெள்ளைக்காரர் கொழும்பில் 1879 இல் அதற்கு ஒரு கழகம் தொடங்கினார்கள். இன்றைக்கும் அந்த றோயல் கொழும்பு மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளிப் புகையிரதம் போகிறது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் பட்டணத்தின் நடுவே அந்தப் பச்சைப் புல்வெளியை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். நானும் அப்படிப் பார்த்தவள்தான்.

மச்சான் சொன்னது இது. பத்து வருடம் விளையாடாமல் விட்டு நாற்பது வயதளவில் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் ஒரே பிழையைத்தான் விடுவார்களாம். பழைய தூரம் ஞாபகத்தில் இருக்கும், பழைய உடம்பு இருக்காது. அந்தக் குறையைக் கையால் ஈடுசெய்யப் பார்ப்பார்கள். தடியை இறுக்கிப் பிடித்து, தோளால் இழுத்து அடிப்பார்கள். இடுப்பும் முதுகும் வருடக்கணக்காகக் கதிரையில் இருந்து இறுகிப்போனதால் உடம்பு திரும்பாது. திரும்ப வேண்டியது திரும்பாதபோது நாரி முறுகும். பந்தும் போகாது. “பலமா அடிக்காத, ஒழுங்கா அடி” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

ஒழுங்கு என்றால் என்ன? அதை எனக்கு விளங்கப்படுத்தியது மச்சான் அல்ல. எமது குழுவில் ஆற்றங்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு மாமி. வயது அறுபதை நெருங்குகிறது. அணியில் அவர் இல்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் இருந்து வெற்றிலை போட்டபடி பார்ப்பார். இரண்டாவது ஞாயிறும் நான் காற்றை அடித்துக்கொண்டு நிற்க, எழும்பி வந்தார்.

“என்ன புள்ள, கையால அடிக்கிறா. இது கையால அடிக்கிற வேலையா?”

மாமி வீச்சுவலை வீசுகிறவர். எமது பகுதியில் பெண்கள் வலை வீசுவது வழமை அல்ல. 90 ஆம் ஆண்டில் அவருடைய கணவர் வீட்டை விட்டுப் போய்த் திரும்பவில்லை. கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. வீட்டில் மிஞ்சியிருந்த தொழில் சாமான் அந்த வலை ஒன்றுதான். அதை எப்படி வீசுவது என்று அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று தானாகவே பழகியிருக்கிறார். முதல் மாதம் வலை விரியவே இல்லையாம், பொட்டலமாகப் போய் விழுமாம். தோள் இரண்டும் வீங்கிவிட்டதாம்.

“மறுகா ஒருநாள் சேத்துக்க கால் புதைஞ்சிட்டு. கால எடுக்க ஏலாமப் போச்சு. அப்பதான் இடுப்பக் கிறுக்கி விட்டன். வலை சட்டி மாதிரி விரிஞ்சிது கா.”

அவர் தடியை வாங்கவில்லை. வெறுங்கையோடு வலை வீசுவதுபோல் செய்து காட்டினார். முதலில் பின்னங்காலில் பாரத்தை வைத்து உடம்பைப் பின்னுக்குத் திருப்பினார். தோளும் முதுகும் முழுதாகப் போய்விட்டன, பாதம் மட்டும் நிலத்தைப் பிடித்தபடி. அதிலிருந்து திரும்பும்போது கை முதலில் வரவில்லை. முன்னங்கால் நிலத்தில் அழுந்தியது, இடுப்பு கிறுகியது, அதன் பின்னால் நெஞ்சு, அதன் பின்னால் தோள். கை கடைசியாகத்தான், தானாகக் கழன்று வந்ததுபோல் வந்தது.

நான் திரும்பவும் மச்சானுக்கு அழைப்பு எடுத்து இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அங்கே மணித்தியாலத்துக்கு இவ்வளவு டொலர் என்று வாங்கிக்கொண்டு பழக்குவதும் இதைத்தான் என்றார். நிலத்திலிருந்து பலம் மேலே வரவேண்டும். இடுப்பு முதலில் வேகமெடுத்துப் பிறகு தணியும்போது அந்த வேகம் நெஞ்சுக்குப் போகும், நெஞ்சு தணியும்போது கைக்குப் போகும், கை தணியும்போது தடியின் நுனிக்குப் போகும். சவுக்கைச் சுண்டும்போது நடப்பதும் இதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் வேகமாகப் போனால் நுனிக்கு ஒன்றும் மிஞ்சாது.

இனி நாங்கள் பழகிய விதத்தைச் சொல்கிறேன். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு உதவும்.

முதல் இரண்டு கிழமையும் பந்தைத் தொடவில்லை. தடியும் இல்லை. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மாமி காட்டியபடி பின்னுக்கும் முன்னுக்கும் கிறுகிப் பழகினோம். கிறுகி முடிக்கும்போது பாரம் முழுவதும் முன்னங்காலில் இருக்க வேண்டும், தொப்புள் பந்து போகும் திசையைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். கேட்க இலகு. முதல் நாள் எங்களில் நான்கு பேர்தான் நின்றோம். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். அன்றுதான் இந்தப் பெண்கள் என் முன்னால் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள். எட்டு மாதமாக அவர்களோடு வேலை செய்கிறேன்.

பிறகு தடி. பாரமான தடி வேண்டாம். மண்வெட்டிப் பிடியைவிட இலேசான மூங்கில் போதும். பிடிதான் அடுத்த சிக்கல். எல்லாரும் உலக்கையைப் பிடிப்பதுபோல் இறுக்கினார்கள். றோட்டைக் கடக்கும்போது சின்னப்பிள்ளையின் கையைப் பிடிப்பீர்களே, அப்படிப் பிடியுங்கள் என்றேன். நழுவவும் கூடாது, நோகவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், கடைசிச் சுண்டல் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது சத்தப் பயிற்சி. பந்து இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தடியை வீச வேண்டும். தடி காற்றை வெட்டும் ‘உஸ்’ என்ற சத்தம் எங்கே கேட்கிறது என்று கவனிக்க வேண்டும். பின்னங்கால் பக்கம் கேட்டால் பலம் முந்திச் செலவாகிவிட்டது. பந்து வரும் இடத்திலோ அதைக் கொஞ்சம் தாண்டியோ கேட்டால் சரி. இதைப் பழகுவதற்கு மைதானமும் வேண்டாம், இரண்டாவது ஆளும் வேண்டாம். நான் வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் நித்திரையான பிறகு, தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து வீசினேன். அடுத்த வளவுக்காரர் இரண்டாம் நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பாம்பா?” என்று கேட்டார்.

நான்காவது கிழமைதான் பந்து. அதுவும் பழைய காலுறைக்குள் போட்டு, கயிற்றில் கட்டி, மாங்கொப்பில் இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிட்டோம். அடித்தால் ஓடிப்போய்ப் பொறுக்கத் தேவையில்லை. அரை வீச்சுத்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு முப்பது அடிக்கு மேல் இல்லை, கிழமைக்கு இரண்டு நாள். இடையில் ஓய்வு கட்டாயம். வருடக்கணக்கில் பாவிக்காத தசைநார் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். ஆர்வத்தில் ஒரே நாளில் நூறு அடித்துவிட்டு மூன்று கிழமை படுப்பதைவிட இது மேல்.

ஓட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், வெட்கப்படாமல் வாசியுங்கள். எங்கள் அணியில் ஐந்து பேர் ஓட மாட்டோம் என்று நின்றார்கள். கால் நோவு, முழங்கால் நோவு என்று காரணம் சொன்னார்கள். தனியாகக் கதைத்தபோதுதான் ஒருவர் சொன்னார், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஓடினாலும் துள்ளினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று. பத்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல் துணி வைத்துச் சமாளித்து வந்திருக்கிறார். மற்ற நால்வருக்கும் அதே பிரச்சினை. எனக்கும் அது இருந்தது என்று சொன்ன பிறகுதான் அவர்கள் வாய் திறந்தார்கள். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை உள்ளிழுக்கிறோமோ, அதை இருந்தபடியோ படுத்தபடியோ உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக்கூடாது. மூன்று மாதமளவில் பலருக்குக் குறையும். குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், சிகிச்சை உண்டு. இது வயதோடும் பிள்ளைப்பேற்றோடும் பலருக்கும் வருவது, விதி என்று சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அணியில் ஒரு தங்கைக்கு இடது தோளில் செல் துண்டு இருக்கிறது. 2007 இல் பட்டது, எடுத்தால் நரம்பு பழுதாகும் என்று விட்டுவிட்டார்கள். இடது கையை நெஞ்சுக்குக் குறுக்காகக் கொண்டுபோக ஏலாது. வலது கைக்காரி அடிக்கும்போது இடது கைதான் நெஞ்சுக்குக் குறுக்காகப் போகும், ஆகவே அவருக்கு ஒவ்வொரு வீச்சும் கத்தி. முதலில் வைத்தியரிடம் அனுப்பினோம். அவரும் இயன்மருத்துவரும் பார்த்து, வலிக்கும் எல்லைக்கு முன் நிறுத்தினால் விளையாடலாம் என்றார்கள். பிறகு மறுபக்கம் திரும்பி நின்று, இடது கைக்காரியைப்போல் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அப்போது குறுக்கே போவது வலது கை, இடது கை மடிந்தபடி பின்னால் வரும். ஒரு மாதம் தடுமாறினார். பிறகு எங்கள் எல்லாரையும்விட நேராக அடித்தார். பழைய பழக்கம் இல்லாததால் பழைய பிழையும் அவரிடம் இல்லை.

இப்படியே எல்லாம் சுகமாகப் போய்விடவில்லை. மூன்றாவது கிழமையே கதை வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, “புருசன் இல்லாத பொம்பிளையள் மைதானத்தில துள்ளுறது வடிவா, தங்கச்சி?” என்று கேட்டார். ஒரு தங்கையின் தமையன் அவரை இனி வரவேண்டாம் என்று மறித்துவிட்டார். சமூகவியலில் படித்த வசனங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. கடைத்தெருவில் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு பாரம் உண்டு என்பதையும் நான் மறைக்க முடியாது. 1990 இல் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் ஆயிரக்கணக்கான சனங்களுக்கு அகதி முகாமாக இருந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. உறவினர்கள் இன்றைக்கும் அந்த நாளில் விளக்கேற்றுகிறார்கள். நான் படித்ததும் எல்லே அடித்ததும் அந்த வளாகத்தில்தான். முதலாம் வருடத்தில் ஒருநாள் பயிற்சி முடிந்து வெளியே வரும்போது, வாசலில் படங்களை ஏந்தியபடி தாய்மார் நிற்பதைக் கண்டு தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பெரியவர் சொன்னதை நான் குழுவில் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எது மறையும்? அடுத்த ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். மாமி வெற்றிலைப் பையோடு வந்தார். பேசாமல் சுற்றிப் பார்த்தார்.

“ஆத்துக்க இறங்கின நேரமும் இதத்தான் கேட்டாங்க. பொம்பிள வலை வீசுறது வடிவா எண்டு. அரிசி தாறயளா எண்டு கேட்டன். ஒருத்தரும் தரல்ல. நான் வீசிட்டன்.” பிறகு பேத்தியின் தலையைத் தடவியபடி, “அவரு வந்தாரெண்டா நான் விளையாடினது கண்டு கோவிக்க மாட்டாரு. அவரும் நல்லா விளையாடுவாரு” என்றார்.

முப்பத்தைந்து வருடம் கழித்தும் மாமி ‘வந்தாரெண்டா’ என்றுதான் சொல்கிறார். அவருடைய நெற்றியில் பொட்டு இருக்கிறது. நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அணியில் சேர்ந்தது அன்றுதான்.

வராமல் விட்டவர்களின் வீடுகளுக்கு நான் போனேன். நியாயம் பேசவில்லை, இரண்டு பெண்களின் கதையைத்தான் சொன்னேன். ஒருவர் எமது நாட்டவர். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பக்கத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். வலைப்பந்து வீராங்கனை. ஆறடி பத்து அங்குல உயரம். 2011 இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்துப் போட்டியில் சிறந்த கோல் எய்பவராகத் தெரிவானார். பிறகு இடையில் தேசிய அணிக்கு வெளியே இருந்து, 2018 இல் திரும்பி வந்தார். அப்போது வயது நாற்பதை அண்மித்திருந்தது. அந்த வருடமே இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த வருடம் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளிலும் அதிக கோல் போட்டவர் அவர்தான்.

மற்றவர் அமெரிக்காவில் வாழ்ந்த பேப் சஹாரியஸ். 1932 ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் தடைதாண்டி ஓட்டத்திலும் தங்கம் பெற்றவர். பிறகு கோல்ஃபுக்கு வந்தார். ட்றைவரால் அவர் அடிக்கும் தூரம் ஆண்களையே வாய் பிளக்க வைத்தது. 1953 இல் பெருங்குடலில் புற்றுநோய் என்று வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இனிப் போட்டிகளுக்கு வரமாட்டார் என்று பலர் நினைத்தார்கள். அடுத்த வருடம், 1954 இல், அமெரிக்கப் பெண்கள் திறந்த கோல்ஃப் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் வென்றார். கோல்ஃபில் குறைய அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். 12 என்பது மிகப் பெரிய இடைவெளி. நோய் திரும்பி வந்து 1956 இல், 45 வயதில் அவர் காலமானார். அதையும் சேர்த்தே சொன்னேன். எமது பெண்களுக்குப் பாதிக் கதை சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“வயித்த வெட்டின மறு வருசமா?” என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். “எனக்கு வெட்டிப் பதினொரு வருசம்” என்றார். அடுத்த ஞாயிறு வந்தார். தமையன் மறித்த தங்கை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவருடைய பெயரைப் பட்டியலில் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

சித்திரை வந்தது. எங்களுக்கு முதல் ஆட்டத்திலேயே பக்கத்துக் கிராமத்து அணி கிடைத்தது. இளம் பிள்ளைகள், சப்பாத்துப் போட்டவர்கள். நாங்கள் சுடிதாரும் வெறுங்காலும். ஒலிபெருக்கியில் எங்கள் குழுவின் பெயரைச் சொன்னபோது எனக்கு நாக்கு வரண்டுபோனது.

நான் மூன்றாவதாக அடிக்கப் போனேன். முதல் பந்தைக் கண்டவுடன் ஒன்றரை மாதம் பழகியது எல்லாம் பறந்தது. பழையபடி கையால் இழுத்தேன், காற்று. இரண்டாவதும் அப்படித்தான். பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. “காலு புள்ள, காலு!”

மூன்றாவது பந்துக்கு நான் தூரத்தை நினைக்கவில்லை. சேற்றுக்குள் பாதம் புதைந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். தடி பந்தில் பட்டது கையில் தெரியவே இல்லை. சரியாகப் பட்டால் அப்படித்தான், அதிர்வே இராது. நிமிர்ந்து பார்க்கும்போது பந்து மைதானத்து ஓரத்துப் பூவரசைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அது இருபத்தைந்து வயதில் நான் அடித்த தூரம் அல்ல, அதில் முக்கால்வாசி இருக்கலாம். “ஓடுங்க அக்கா!” என்று கத்தினார்கள். மிஸ் என்று கூப்பிட்டவர்கள் எப்போது அக்காவுக்கு மாறினார்கள் என்று தெரியவில்லை. நான் நின்று பந்தைப் பார்த்துவிட்டேன், அதனால் இரண்டாவது தரிப்பிடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று.

தோளில் செல் துண்டு உள்ள தங்கை முழுச் சுற்றும் ஓடினார். மாமி அடித்த பந்து உயரப் போய் நேரே ஒரு பிள்ளையின் கைக்குள் விழுந்தது, ஆட்டமிழந்தார். தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் போய், “நல்லாப் பிடிச்சா மகள்” என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் தோற்றோம். இரண்டு ஓட்டத்தால்.

கடைத்தெருவில் என்னை நிறுத்திய பெரியவர் அன்று கொட்டகைக்குள் இருந்தார். அவர் கைதட்டினாரா என்று பலர் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை, பூவரசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் பதினொரு பேர் வருகிறார்கள். மாங்கொப்பில் கட்டிய காலுறை கிழிந்து இரண்டு தடவை மாற்றியாயிற்று. அடுத்த காலாண்டுத் திட்ட முன்மொழிவில் ரெனிஸ் பந்து 12 என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எந்தத் தலைப்பின் கீழ் இதைச் சேர்ப்பது, வாழ்வாதாரமா உளசமூகமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். மாமியிடம் கேட்டேன். “பந்துக்குக் கீழ எழுது புள்ள” என்றார்.